தவணைக்கு வாங்கிய போன்

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஆறாவது மாதம், ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது, அவள் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

நான் கையால் இறால் பிடிக்கிறவன். குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும், விரலில் பட்டதைப் பிடித்துக் கழுத்தில் தொங்கும் கூடையில் போட வேண்டும். கைக்குத்தான் வேலை, புத்தி அதுபாட்டுக்கு எங்கேயாவது சுற்றும். கல்யாணம் ஆனதிலிருந்து என் இடது பக்கம் அவள்தான் வருவாள். வாய் ஓயாமல் பேசுவாள், என்னைவிட அதிகமாகவும் பிடிப்பாள். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பி அவளை நினைத்துப் பார்த்தேன். மூக்குத்தி வந்தது. நனைந்த புடவையின் நிறம் வந்தது. சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற கை வந்தது. முகம் வரவில்லை.

எனக்குப் பயமாகிவிட்டது. பாதிக் கூடையோடு கரையேறி வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைந்தேன். எங்களிடம் இருந்த ஒரே படம் அவளுடைய பாஸ்போர்ட் படம்தான். போட்டோக்காரன் மிரட்டி எடுத்தது. அதில் இருப்பவளோடு நான் ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்தியதில்லை.

அவள் ஏன் போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு பைபர் படகு மேல் ஆசை. எத்தனை நாளைக்குத்தான் சேற்றைத் தடவுவது என்று ரோஷம் வந்துவிட்டது. மகளிர் குழு மூலம் அவள் பெயரில் கடன் எடுத்தோம். படகு வந்தது, எஞ்சின் வந்தது, ஒரு புயலும் வந்தது. உடைந்த படகுக்குத் தவணை கட்ட இன்னொரு கம்பெனியில் கடன், அதைக் கட்ட மூன்றாவது. கடைசியில் நான்கு கம்பெனிக்காரர்கள் வாரத்துக்கு நான்கு நாள் வாசலில் வந்து நின்றார்கள். ஆசை என்னுடையது, கையெழுத்தெல்லாம் அவளுடையது.

பொன்னேரியில் கடனில் மாட்டியவர்களுக்கு வழி செய்து தரும் ஓர் அலுவலகம் இருப்பதாக யாரோ சொல்ல, அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த மேடம் பொறுமையானவர். நான்கு கம்பெனிகளோடும் பேசி, அபராத வட்டியைத் தள்ளுபடி செய்ய வைத்து, எல்லாவற்றையும் மாதம் ஒரே தவணையாக்கித் தந்தார். இரண்டு வருடம். ஒரு மாதமும் தவறக் கூடாது. அது முடியும்வரை எங்கள் இருவரில் யார் பெயரிலும் புதுக் கடன் வாங்கக் கூடாது. மீறினால் தள்ளுபடி போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இறால் காசில் அந்தத் தவணை அடையாது. அதனால் பொங்கலுக்குச் சில நாள் முன்பு அவள் கிளம்பினாள். அங்கேயும் ஒப்பந்தம் இரண்டு வருடம்தான். கடனும் ஒப்பந்தமும் ஒன்றாகத் தை பிறக்கும்போது முடியும். "ரெண்டு பொங்கல் நான் இல்லாம வையி, மூணாவது பொங்கலுக்குப் பானையாண்ட நான் இருப்பேன்" என்று எங்கள் மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் ஏறும்போது என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

முகம் பார்த்துப் பேசுகிற போன் அவளிடம் இருந்தது, என்னிடம் அப்போது பட்டன் போன்தான். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள், மூன்று நிமிடம். நல்லா இருக்கேன், பணம் போட்டாச்சு, பொண்ணு படிக்குதா. அவ்வளவுதான். அவள் வாய் எப்போதுமே நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லும். உண்மை என்ன என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்த முகமே எனக்கு மறந்துபோனால் நான் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

கடன் விஷயத்தில் நான் யோக்கியனாகத்தான் இருந்தேன். இறால் வியாபாரி வீடு தேடி வந்து, "அட்வான்ஸ் வாங்கிக்கப்பா, இது இன்னா கடனா, சரக்குல கழிச்சிக்கலாம்" என்றார். அட்வான்ஸும் கடன்தான் என்று அவருக்கே பாடம் எடுத்து அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைக்கனம் தாங்கவில்லை.

அந்த யோக்கியன்தான், முகம் மறந்த மறுநாள் பொன்னேரியில் ஒரு போன் கடைக்குள் நுழைந்தான். ஆதார் கார்டைக் கேட்டார்கள், என்னை ஒரு படம் எடுத்தார்கள், ஒரு கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முன்பணம் ஆயிரம், மீதி பத்துத் தவணை. கால் மணி நேரத்தில் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது கடன் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் ஊரில் கடன் என்றால் கையில் ரூபாய் வரும், வந்த ரூபாய் நாலு நாளில் கரையும். எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை, பொருள்தான் வந்தது. அட்வான்ஸைக் கடன் என்று கண்டுபிடித்தவனுக்கு இது மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை என்பதுதான் இன்னும் சரியாக இருக்கும்.

எங்கள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள்தான் போனைத் தயார் செய்து, அம்மாவின் எண்ணைப் போட்டு, "நைனா, அசையாம புடி" என்று என் கையில் கொடுத்தாள். இங்கே ஏழரை மணி, அங்கே விடிகாலை ஐந்து. அந்த வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் அவள் சமையலறையில் இருப்பாள்.

திரையில் வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, அதை எப்படி மறந்தேனோ!

"இன்னாய்யா இப்டி எளைச்சிப் பூட்ட? சோறு துன்றியா இல்லியா?" என்றாள். பிறகு, "யாருது இந்தப் போனு?" என்றாள்.

"என் தங்கச்சி வூட்டுக்காரரு குடுத்தாரு. பழசு" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலை ஏழரைக்கு எங்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தது. அவள் போனைத் தேயிலை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாள். நான் இங்கே சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் பழைய சோறு சாப்பிடுவேன். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். சில நாள், "ஏரியைக் காட்டு" என்பாள். கரைக்கு எடுத்துப்போய்க் காட்டுவேன். கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மண் அடைத்துவிட்டதா என்று கேட்பாள். தண்ணீர் எங்கே வரை நிற்கிறது, யார் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று கேட்பாள். ஒருநாள், "எனக்குக் கையெல்லாம் சோப்பு நாத்தம்யா. சேத்து நாத்தத்துக்கு ஏங்குது" என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். முகம் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் ஏரியில் இறங்கி வெகுநேரம் ஒரு இறாலும் பிடிக்காமல் நின்றேன். பக்கத்தில் அவள் வேண்டும் போலிருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

அவள் அனுப்பிய பணத்தைப் போன் தவணைக்கு நான் தொடவில்லை. பீடியை விட்டேன், டீயைக் குறைத்தேன், சாயங்காலமும் ஒருமுறை ஏரியில் இறங்கினேன். மேடம் போட்டுத் தந்த மாதத் தவணையும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அந்தப் பெருமையோடுதான் ஒரு வருடம் முடிந்ததும், பொங்கல் கழிந்து, கணக்குப் பார்க்க அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "சார், புதுசா ஏதாவது லோன் எடுத்தீங்களா?" என்றார்.

"இல்ல மேடம். வூடு தேடி வந்த அட்வான்ஸே வாணாம்னுட்டேன்."

திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயருக்குக் கீழே அந்தப் போன் தவணை இருந்தது.

"அது போனு மேடம். கடன் இல்ல. தவணைக்குப் பொருளு."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "தவணைன்னாலே கடன்தான் சார். எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்றார்.

என் முன்னாலேயே நான்கு கம்பெனிக்கும் போன் போட்டுப் பேசினார். மூன்று பேர் விட்டுக்கொடுத்தார்கள். நான்காவது கம்பெனி, பெரிய கடன் கொடுத்தது, ஒப்பந்தத்தை மீறியாகிவிட்டது என்று தள்ளுபடியை ரத்து செய்தது. போனை இப்போதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர்கள் கேட்கவில்லை. மேடம் புதிதாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். அதில் ஏழு மாதம் கூடியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ் திருப்பாலைவனம் ஊரைத் தாண்டும்வரை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் சம்பாத்தியத்தில் அந்த ஏழு மாதத்தைக் கட்ட முடியாது. அதைக் கட்டப்போவது அவள். அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று நான் செய்த காரியம், அவளை இன்னும் ஏழு மாதம் அந்தச் சமையலறையில் நிற்க வைத்துவிட்டது. என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்ததால் விட்டேன்.

நான்கு நாள் அவளிடம் இதைச் சொல்லவில்லை. கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை என்று முகத்தைக் காட்டாமல் பேசினேன். முகத்தைக் காட்டினால் கண்டுபிடித்துவிடுவாள். ஐந்தாம் நாள், அந்தக் காகிதத்தைப் படித்துவிட்ட மகள் போனை என் கையில் திணித்து, "நீயே சொல்லு நைனா. நான் சொன்னா அம்மா என்னைத்தான் திட்டும்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி வீட்டுக்காரர் என்று சொன்ன பொய்யையும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கத்தி நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் விரலை மடக்கி அடுத்த தையிலிருந்து எண்ணினாள். ஆவணியில் வந்து நின்றாள்.

"பொங்கலுக்கு வந்துருவேன்னு பொண்ணாண்ட சொல்லிட்டு வந்தேனேய்யா" என்றாள். குரல் உடைந்தது. "போனு வாங்குனதுக்குக்கூட எனக்கு வருத்தம் இல்ல. இத்தினி நாளு மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்ன பாரு."

"தப்புதாம்மே. இந்தப் போன இன்னிக்கே வித்துடறேன். கையில இருக்கறது பாவம் மாரி இருக்குது."

"விப்பியா? இன்னாத்துக்கு விப்ப?" என்று சீறினாள். அந்த முகத்தில் கோபத்தைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது! "அதுக்கு நான் ஏழு மாசம் குடுக்கப் போறேன். நீ பாட்டுக்குக் கடைக்காரன் கையில குடுத்துட்டு வந்துருவியா? தெனம் கூப்புடணும். கரண்டு இல்ல, சார்ஜ் இல்லன்னு ஒரு நாளு சொன்ன, அப்பறம் பாரு."

தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே யாரோ எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது. கிட்ட புடிய்யா, ஒழுங்காத் தெரியல."

கிட்டப் பிடித்தேன்.