பால்துரை போர்த்திய பொன்னாடை

சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் பால்துரையின் கை தானாக நெற்றிக்குப் போய்விடும். ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, பீட்சா கொண்டுவருகிறவன், ஒருமுறை கரப்பான்பூச்சி மருந்து அடிக்க வந்தவர், எல்லோருக்கும் சல்யூட். நாசரேத்துக்காரர். இந்திய ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் சுபேதாராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி போன பிறகு, நர்ஸாக இருந்த மகள் யூனிஸ் வீட்டோடு வந்து சேர்ந்தார். ஊரில் அவர் சுபேதார் ஐயா. இங்கே எல்லோருக்கும் அங்கிள். அந்த வருத்தம் அவருக்கு ஆறவேயில்லை.

"எழுபத்தொண்ணு சண்டையில பாலம் போட்டவன் தம்பி நான். இப்ப அங்கிள் ரேங்க்ல வந்து நிக்கேன்" என்பார் என்னிடம்.

நான் கீழ் வீட்டு வாஞ்சிநாதன். கல்யாணமாகாதவன், சொந்தக் கார் வைத்திருப்பவன். இந்த இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் நம்மவர்கள் அவனை ஏர்போர்ட்டுக்கும் பல் டாக்டருக்கும் நேர்ந்துவிட்டுவிடுவார்கள். பால்துரைக்கு நான்தான் டிரைவர்.

அவருக்குப் பதில் சல்யூட் அடித்த ஒரே ஆள் தபால்காரர் வால்டர். கொரியாவில் சண்டை போட்டவர். தினமும் தபால் பெட்டியருகே இருவரும் பேசுவார்கள். ஒருவர் சொல்வதில் பாதி மற்றவருக்குப் புரியாது. அதை இருவருமே குறையாக நினைத்ததில்லை. எண்பத்தாறு நவம்பரில் வால்டர் ஒரு அழைப்பு சொன்னார். சனிக்கிழமை முன்னாள் ராணுவத்தினருக்குப் பாராட்டு விருந்து, பழைய பேஸ்பால் பிளேயர் ஒருவர் சீஃப் கெஸ்ட், நீயும் சோல்ஜர்தானே, வா என்றார்.

யூனிஸ் பயந்துபோனாள். "அப்பா, அது அவங்க மிலிட்டரிக்கு வைக்கிற ஃபங்ஷன். நடுவுல வெட்டரன்ஸ் எல்லாம் ஸ்டாண்ட் அப்னு சொல்லுவாங்க. நீங்க எந்திரிச்சு, யாராவது நீ உக்காருன்னு சொல்லிட்டா? என்னால தாங்க முடியாதுப்பா. போங்க, சாப்பிடுங்க, வாங்க. எந்திரிக்க மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க."

அவர் ப்ராமிஸ் பண்ணினார்.

சனிக்கிழமை என்னைத் தூங்கவிடாமல் எழுப்பியபோது கோட்டு, டை, நெஞ்சில் மெடல்கள், கக்கத்தில் ஒரு பை. பைக்குள் சரிகைச் சால்வை. மருமகன் ரூஃபஸுக்குக் கல்யாணத்தில் அவன் தாய்மாமா போர்த்தியது. ரூஃபஸ் ஆபீஸ் வேலையாக டெக்சாஸ் போயிருந்ததால் கேட்க ஆளில்லை. கூடவே ஒரு எலுமிச்சம்பழம், இந்த ஊர்ப் பழம், சாத்துக்குடி அளவுக்கு இருந்தது.

"இது எதுக்கு அங்கிள்?"

"சீஃப் கெஸ்ட்டுக்குத்தான். பெரிய மனுசனைப் பாக்கப் போறோம், வெறுங்கையோடயா போறது? நமக்கு மரியாதை கெடைக்குதோ இல்லியோ, நாம செய்யணும்லா."

ஹாலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். மைக் வேலை செய்யவில்லை. ஒருவர் அதைத் தட்டுவதும் ஊதுவதுமாக இருக்க, எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருந்தோம். காபி மேஜைக்குப் பக்கத்தில் ஒல்லியான கிழவர் ஒருவர் தனியாகக் கேக் தின்றுகொண்டிருந்தார். அவர்தான் சீஃப் கெஸ்ட் என்பது எனக்கும் தெரியாது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வாட்டசாட்டமாக ஒருவர் வந்தார். தலையில் தொப்பி, நெஞ்சில் 'ரே' என்று பெயர் தைத்த சட்டை. நேரே மைக்கிடம் போய் எதையோ திருகினார். மைக் கொர்ரென்றது. பசியில் இருந்த ஹால் முழுவதும் கைதட்டியது.

நம்மூர் விழா எத்தனை பார்த்தவர் பால்துரை. லேட்டாக வருகிறவர், வந்ததும் கைதட்டு வாங்குகிறவர், நேரே மைக்குக்குப் போகிறவர் யார்? நான் கையைப் பிடிப்பதற்குள் அவர் அட்டென்ஷனில் நடந்துபோய், ரேயின் தோளில் சால்வையைப் போர்த்தி, கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து, குதிகால் சத்தம் கேட்க ஒரு சல்யூட் அடித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ரே சால்வையைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். பழத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அவரும் ஒரு சல்யூட் வைத்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஹால் மறுபடியும் கைதட்டியது.

பிறகு யூனிஸ் பயந்தது வந்தது. வெட்டரன்ஸ் எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. பால்துரை முழங்கால்மேல் கைகளை வைத்துத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வால்டர் கண்ணைக் காட்டினார். அசையவில்லை. எனக்கு யூனிஸ்மேல் கோபமாக வந்தது. இந்த மனிதரிடம் போய் இப்படியொரு சத்தியம் வாங்குவாளா ஒருத்தி?

மைக் மறுபடியும் மக்கர் செய்யாமல் பார்த்துக்கொள்ள, சால்வையோடு ரேயே அதை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனார். பெயர், படைப்பிரிவு, பேஸ்பால் பிளேயர் யாரையாவது சந்தித்திருந்தால் அந்தக் கதை, இவ்வளவும் சொல்ல வேண்டும். ஒருவர் காலொடிந்து ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிளேயர் ஒருவர் வந்து மாவுக்கட்டில் கையெழுத்துப் போட்டாராம். டாக்டர் கட்டை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். கால் சரியானது, டாக்டரை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை என்றார்.

எங்கள் மேஜைக்கு வந்த ரே, உட்கார்ந்திருந்த பால்துரையைப் பார்த்து நின்றார். "அந்த சல்யூட் சும்மா வராது. நீங்கள் எந்தப் படை?" என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

ராணுவத்தில் கேள்வி கேட்டால் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லக் கூடாது. பால்துரை எழுந்துவிட்டார். "சுபேதார் பால்துரை. இந்தியன் ஆர்மி. பிரிட்ஜ் பில்டிங். செவன்டி ஒன் வார்" என்றார். உட்காரச் சொல்ல யார் வாயாவது அசைகிறதா என்று நான் பார்த்தேன்.

ரே கேட்டார்: "பேஸ்பால் பிளேயர் யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா?"

"எஸ் சார். டுடே. யூ."

ஹால் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. காபி மேஜைக் கிழவர் தின்றதைத் துப்பிவிட்டார். ரேயும் சிரித்துவிட்டு மைக்கில் சொன்னார்: "உண்மைதான். வியட்நாமில் எங்கள் கேம்ப் பேஸ்பால் டீமில் தர்ட் பேஸ் இடத்தில் நின்று ஆடியவன் நான். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. வெட்டரன்ஸை எழுந்து நிற்கச் சொன்னபோது நீயும் ஒருவன் என்று ஏன் சொல்லவில்லை என்று மேடையிலிருந்தவர் கேட்டார். நான் வேலைக்கு வந்தவன் என்றார் ரே. கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். கண் கலங்கியதை வெங்காயத்தின்மேல் போடலாம் என்றால் அன்றைய சாலட்டில் வெங்காயமே இல்லை.

காரில் திரும்பும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "அங்கிள், அவர் பிளேயர் இல்ல. மைக் ரிப்பேர் பண்ண வந்தவர்."

"தர்ட் பேஸ்னு அவரே சொன்னாருல்லா தம்பி. நீங்க ஃப்ரீவேயைப் பாத்து ஓட்டுங்க."

வீட்டில் யூனிஸ் டியூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காத்திருந்தாள். பால்துரை வழக்கம்போல் அவளுக்கும் ஒரு சல்யூட் வைத்தார். காலிப் பையைப் பார்த்தாள்.

"அப்பா, ரூஃபஸோட சால்வை எங்க?"

"பேஸ்பால் பிளேயருக்குப் போத்தியாச்சு."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எந்திரிச்சீங்களாப்பா?"

"எந்திரிச்சேன்" என்றார் பால்துரை. "யாரும் உக்காரச் சொல்லலம்மா."