கொய்னா இருந்த இடத்தில் கம்பளிக் கோட்டு

மாதாவின் பிள்ளைகளே, என் மகள் ஸ்தெல்லா இன்று உயிரோடு இருக்கிறாள். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முப்பத்திரண்டாம் வருஷம். என் கணவருக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் கணக்கர் வேலை. நானும் நாலு வயது மகளும் போய்ச் சேர வேண்டும். "இங்கேயும் நம் சாந்தோம் வெயில்தான், பருத்தித் துணி போதும். கொசுதான் எமன். என் வலை கிழிந்துவிட்டது, மலேரியாவுக்குப் போடுகிற கொய்னா மாத்திரையும் தீர்ந்துவிட்டது. அந்த இரண்டும் இல்லாமல் கப்பல் ஏறாதே" என்று எழுதியிருந்தார். வாத்தியாரம்மா வேலையில் கிடைத்த கடைசிச் சம்பளத்தில் இரண்டையும் வாங்கி டிரங்குப் பெட்டியில் முதலில் வைத்தேன்.

கப்பல் ஏறுகிறவளின் பெட்டி ஊருக்கே சொந்தம் போலிருக்கிறது. ஊறுகாயும் அப்பளமுமாக வந்து குவிந்தன. மீன் விற்கும் சூசையம்மாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். அவள் மகன் அருளப்பன் அங்கே ஆஸ்பத்திரியில் சமையல்காரன். "யம்மா, என் புள்ள கையில இத்த மட்டும் குட்த்துடும்மா. வேற இன்னா கேக்கப் போறேன்" என்றாள். என் கணவரின் அண்ணன் மனைவி ஞானம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் வாங்கி வைத்தேன்.

கிளம்புகிற அன்று சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கக் கோயிலுக்குப் போனேன். பெட்டிச் சாவியை ஞானத்திடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

மொம்பாசாவில் பெட்டியைத் திறந்தால் வலையும் இல்லை, கொய்னாவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு தடித்த கம்பளிக் கோட்டு. அங்கே எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஞானத்தின் தம்பிக்கு, குளிர் ஊரான நைரோபிக்கு வேலை மாற்றமாம். தம்பி நடுங்கக் கூடாதல்லவா! நான் கோயிலில் முழந்தாளிட்டிருந்த நேரத்தில் அவள் கைவேலை அது.

"நாளைக்கே வாங்கித் தருகிறேன்" என்றார் கணவர். மறுநாள் விடியும்போதே அவரைப் படகில் வேறு துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. படகுகள் நின்றுபோயின. பாஷை தெரியாத ஊரில் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வழி கேட்கத் தெரியாமல், கிழிந்த வலையைத் தைத்துத் தைத்துப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் குழந்தைக்குக் குளிர்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வேறு வழியில்லாமல் அந்தக் கோட்டையே போர்த்தினேன். அப்போதுதான் ஞானத்தின் தம்பி வந்தான்.

"அக்கா குடுத்தனுப்பின கோட்டு எங்க?"

"குழந்தையைப் பாருங்க தம்பி. ஒரு டாக்டரையாவது அனுப்பிட்டுப் போங்க."

"ரயிலுக்கு நேரமாச்சுங்க. அவர் வந்ததும் காட்டுங்க."

நடுங்குகிற குழந்தை மேலிருந்து கோட்டை உருவினான். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று வாசலில் நின்று இரண்டு தடவை உதறினான். போய்விட்டான்.

எனக்கு அழகாக ஜெபிக்க வரவில்லை. "தாயே, நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே! உனக்குக் காது இல்லையா?" என்று கத்தினேன். வயிறு எரிந்து கத்தினேன்.

கதவு தட்டப்பட்டது. சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன். "சாந்தோம்லேர்ந்து வந்துகீறீங்கன்னு இன்னிக்குத்தாம்மா சொன்னாங்க. எங்கம்மா எதுனா குட்த்தனுப்ச்சுதா?"

அருளப்பன். குழந்தையைப் பார்த்ததும் கருவாட்டை மறந்துவிட்டான். வந்த மழையிலேயே திரும்பி ஓடி, ஆஸ்பத்திரி டாக்டரைக் கொய்னாவோடு கூட்டி வந்தான். தன் கொசுவலையையும் அவிழ்த்து வந்து கட்டினான். காய்ச்சல் விடும்வரை தினமும் கஞ்சி கொண்டுவந்தான். என் தாய் கேட்டுவிட்டாள். அவளுக்குக் கோடி தோத்திரம்.

ஊர் திரும்பியதும் ஞானத்திடம் கேட்டேன். "குழந்தைதான் பிழைச்சிடுச்சே, அப்புறம் என்ன?" என்றாள். இதோ, முன்பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று பீடத்தின் முன் நின்று பொய் சொல்ல மாட்டேன். மன்னிக்கிற அந்த வரத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. என் வீட்டு விசேஷத்தில் ஞானத்துக்குப் போட்டுவந்த முதல் இலை இப்போது சூசையம்மாளுக்கு. அது மட்டும் மாறியிருக்கிறது.

நீங்களும் மாதாவை நம்புங்கள். கத்திக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள், வருவாள். பெட்டிச் சாவியை மட்டும் உங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்ளுங்கள்.