போர்வைப் பெட்டி வந்த சனிக்கிழமை

மே மாதம் பிறந்ததும் என் கணவர், தான் வேலை செய்த கிடங்கில் கழித்துப் போடும் குமிழ் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் குளிர்காலம் அப்படித்தான் தொடங்கும். ஆஸ்திரேலியாவில், சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய வாடகை வீட்டில் இருந்தோம். சுவரெல்லாம் மெல்லிய ஃபைப்ரோ சிமெந்துத் தகடு. யன்னலை இறுக்கிப் பூட்டினாலும் திரைச்சீலை அசையும். கணவர் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக்கை அளந்து வெட்டி ஒட்டுவார். நான் பழைய சேலைகளைக் கிழித்துச் சுருட்டிக் கதவுகளின் அடியில் செருகுவேன். குளியலறைக் கூரையில் பழுதாகிப்போன விசிறியின் ஓட்டை வழியாகக் குளிர் நேரே தலையில் இறங்கும். அதை மட்டைப்பெட்டித் துண்டால் மூடி டேப் அடித்தோம். ஆவி போக வழியில்லாமல் மகளின் அறைச் சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்தது. வினாகிரி போட்டுத் துடைப்பேன். கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும்.

வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்டிடம் சொல்வோம் என்று கணவர் பலமுறை சொன்னார். நான்தான் விடவில்லை.

"ஒண்டும் சொல்லாதேங்கோ. திருத்திப்போட்டு வாடகையைக் கூட்டுவாங்கள். இல்லாட்டி எழும்பச் சொல்லுவாங்கள்."

அது பாதிக் காரணம்தான். வீட்டைப் பார்வையிட வரும் ஏஜென்ட் ஓர் இளம்பெண். அறைக்கு அறை கைபேசியால் படம் எடுத்துக்கொண்டு போவாள். நாங்கள் சேலையைச் சுருட்டிக் கதவடியில் வைத்துக்கொண்டு வாழ்கிறோம் என்பதை அவள் பார்ப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. அவள் வரும் நாளுக்கு முன்னால் பிளாஸ்டிக்கை எல்லாம் உரித்து, சுவரைத் தேய்த்து, மட்டைத் துண்டையும் கழற்றி வைப்பேன். அவள் கண்ணில் படுவது துப்புரவான வீடு. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சிரித்துவிட்டுப் போவாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஒட்டுவோம்.

இதையெல்லாம் வெளியில் யாருக்கும் சொன்னதில்லை. தெருப் பக்க யன்னலுக்குத் தடிப்பான திரைச்சீலை போட்டு பிளாஸ்டிக்கை மறைத்திருந்தேன். யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். மகள் தன் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டால், வீடு ஒதுக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் காலையில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் கூடுவோம். புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்களுக்கும் கஷ்டப்படுகிறவர்களுக்கும் போர்வை, ஜம்பர், காலுறை எல்லாம் பெட்டி கட்டுவது எங்கள் வேலை. அதை நடத்தியவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அன்ரி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குப் பெட்டி போக வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடங்களும் கிளினிக்குகளும் அவருக்கு மட்டும் அறிவிக்கும். விலாசத்தை மட்டும்தான் சொல்வார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். பிற்பகலில் அவரும் அவருடைய கணவரும் வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

எனக்கு அந்த மண்டபம் பிடிக்கும். அங்கே நல்ல ஹீட்டர் இருந்தது. அதைவிட, அங்கே நான் கொடுக்கிற பக்கத்தில் நின்றேன். ஒரு தடவை போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது, "பாவங்கள், இந்தக் குளிருக்குள்ள எப்பிடித்தான் இருக்குதுகளோ" என்றுகூடச் சொன்னேன். அன்று காலை நான் விடிந்து எழுந்தபோது என் மூச்சு புகையாக வந்தது. அப்படியும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்திலிருந்து வந்து, குசினியில் அவண் அடுப்பைப் போட்டு, கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் தன் அறையில். நான் கணவரின் ஜக்கெட்டைப் போட்டு, காதுவரை கம்பளித் தொப்பி இழுத்துவிட்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. பார்சல்காரன் என்று நினைத்துத் திறந்தேன்.

அன்ரி ஒரு பெட்டியோடு நின்றார். பின்னால் அங்கிள் இன்னொரு பெட்டியோடு. முன்னால் இருந்த பெட்டியின் டேப் கோணலாக ஒட்டியிருந்தது. காலையில் நான் ஒட்டியது.

அன்ரி என்னைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை... இது உங்கட வீடோ?"

"ஓம் அன்ரி." அதற்கு மேல் என் வாய் தானாகப் பேசியது. "பின்னுக்கு ஒரு சின்ன வீடு இருக்கு. அதில ஒரு குடும்பம் இருக்குது. அவைக்காத்தான் இருக்கும்."

பின்னால் இருந்தது ஒரு தகரக் கொட்டில். அதில் வீட்டுக்காரரின் புல்வெட்டும் மெஷின் இருந்தது.

அன்ரி என் தொப்பியைப் பார்த்தார், ஜக்கெட்டைப் பார்த்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "அப்பிடியோ. அப்ப நீங்களே அவையிட்டக் குடுத்து விடுங்கோவன். நாங்கள் இன்னும் கன இடத்துக்குப் போகவேணும்" என்று பெட்டியை நீட்டினார். எனக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தார். நானும் கையை நீட்டிவிட்டேன்.

அப்போது மகள் பின்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூட ஜம்பருக்கு மேலே போர்வையைச் சுற்றியிருந்தாள். அன்ரியிடம் ஆங்கிலத்தில், அமைதியாக, சொன்னாள்: "பின்னால் யாரும் இல்லை. இது எங்களுக்குத்தான். நான்தான் டீச்சரிடம் கேட்டேன்."

அங்கிள் குனிந்து தன் பெட்டியை வாசலில் வைத்தார். என் காது இரண்டும் நெருப்பாகச் சுட்டன. நிலத்தைப் பார்த்தபடி, "வாங்கோ அன்ரி, உள்ளுக்கு வாங்கோ" என்றேன். வேறு என்ன சொல்வது.

வந்தார்கள். கதவடியில் கிடந்த சேலைச் சுருட்டு அங்கிளின் காலில் தட்டியது. அவர் அதைக் குனிந்து எடுத்து, பக்கத்தில் மெதுவாக வைத்தார். நான் தேத்தண்ணி போட்டேன். சீனி மேசையெல்லாம் சிந்தியது. அன்ரி யன்னலில் இருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார், திறந்து கிடந்த அவணைப் பார்த்தார். பரமட்டாவில் மரக்கறி விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினார். போகும்போது, "அடுத்த கிழமை நேரத்துக்கு வாங்கோ, பெட்டி கன இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தாலோ பரிதாபப்பட்டிருந்தாலோ எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வேன் போனதும் மகளிடம் திரும்பினேன்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னனியா? டீச்சரிட்டப் போய்ப் பிச்சை கேட்டனியா?"

அவள் அழவில்லை. "சொன்னனான் அம்மா," என்றாள். "எத்தினை தரம் சொன்னனான். நீங்கள் இன்னொரு ஜம்பர் போடச் சொன்னீங்கள்."

பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். வகுப்பில் தன் உடுப்பிலிருந்து ஈரவாடை அடிக்கிறது என்று ஒரு பெண் இடம் மாறி உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகுதான் டீச்சர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவர் கேட்டபோது சுவரைப் பற்றிச் சொல்லி, போர்வை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறாள். ஏஜென்டுக்கு அறிவித்தால் வீட்டுக்காரர் திருத்தத்தான் வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம்.

நான் அவளுடைய அறைக்குள் போனேன். கட்டிலைச் சுவரிலிருந்து நடுவுக்கு இழுத்து வைத்திருந்தாள். எப்போது இழுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய உடுப்பு அலுமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். எத்தனையோ தடவை நான் கழுவி மடித்து வைத்த உடுப்புகள். அந்த வாடை எனக்குப் பழகிப்போய்விட்டிருந்தது.

கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மகளைப் பக்கத்தில் இருத்தி, இருவருமாகச் சுவரையும் விசிறி ஓட்டையையும் படம் எடுத்து ஏஜென்டுக்கு ஈமெயில் அனுப்பினார்கள். நான் அந்த அறையில் இருக்காமல் குசினியில் நின்றேன்.

ஏஜென்ட் பெண் வந்தாள். பிளாஸ்டிக்கை நான் உரிக்கவில்லை. உரிக்கக் கை போனது, மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு காலமாக ஏன் சொல்லவில்லை?" என்று அந்தப் பெண் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். நான் ஆங்கிலம் தெரியாதவள் மாதிரி நின்றேன். ஒரு மாதத்துக்குள் விசிறி மாற்றினார்கள், கூரையோரம் ஒழுகிய மழைநீர்ப் பீலியைத் திருத்தினார்கள், கதவுகளுக்கு றப்பர் பட்டி அடித்தார்கள். யன்னல்களை மட்டும் தொடவில்லை. அடுத்த வருடம் வாடகையைக் கூட்டத்தான் செய்தார்கள். அதனால் நான் சொன்னது சரியென்று ஆகிவிடாது.

கோயில் மண்டபத்துக்குச் சில கிழமைகள் போகவில்லை. தலையிடி என்றேன், வேலை என்றேன். கடைசியில் போனபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்ரி எவருக்கும் சொல்லவில்லை என்பது அவர்கள் பேசிய விதத்திலேயே தெரிந்தது. நான் போர்வை மடித்தேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி, நான் முன்பு சொன்ன அதே தொனியில், "பாவம், சின்னப் பிள்ளையள் எல்லாம்" என்று பெருமூச்சு விட்டாள். அன்ரி என் பக்கம் திரும்பாமல், "கதையை விட்டிட்டு மடியுங்கோ" என்றார்.

இப்போது குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறோம். இந்த வீட்டில் வெறுங்காலோடு நடக்கலாம். மகள் வேலைக்குப் போகிறாள். தன் சிநேகிதிகளை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வருகிறாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறேன். வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்த அந்தப் பெண்ணைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.