குலசாமி யார் என்று ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் சமைக்கிற பெண், போன வருஷம் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று வயதுக் குழந்தை ஒன்றைத் தில்லிக்குத் தூக்கி வந்தாள். செத்துப்போன தங்கையின் மகள். தகப்பனும் இல்லை. தலையோ குருவிக்கூடு. ஜூன் மாத வெயிலில் முடிக்கடியில் கொப்புளம் கொப்புளமாகச் சீழ் வைத்திருந்தது.

"முடியை எடுத்துத் தொலையேன்" என்றேன்.

"முதல் முடி, அக்கா. அவ அப்பன் வீட்டுக் குலசாமிக்குத்தான் குடுக்கணும்."

"சரி, எந்தச் சாமி?"

"அதான் தெரியலையே."

பெற்றவர்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். தகப்பனுக்கு ஊரில் ஓர் அண்ணன் மட்டும் இருந்தார். இவள் நம்பரைக் கண்டாலே எடுக்கமாட்டார். ஆகவே என் போன். மோதி பாக் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் அடித்தேன். வயலில் இருக்கேன், பஸ்ஸில் இருக்கேன், அப்புறம் பேசுங்க மேடம். ஒரு சாமி பேரைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? "ஊர் வம்பு உனக்கெதுக்கு?" என்று என் கணவர் வேறு.

கடைசியில் மனிதர் வாயைத் திறந்தார். "சாமி பேரைச் சொன்னா பங்காளின்னு ஆயிடும் மேடம். நாளைக்கு நிலத்துல பங்கு கேட்டு வந்து நிக்கும்."

மூன்று வயதுக் குழந்தை! அது என் சமையலறைத் தரையில் தலையைச் சொறிந்துகொண்டு, தெருப் பிள்ளைகளிடம் கற்ற இந்தியில் "பானி, பானி" என்று தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் வைத்துவிட்டார்.

மழித்தால்தான் மருந்து போட முடியும் என்றார் டாக்டர். குலசாமி தெரியாதவர்களுக்கு முருகன் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இங்கிருக்கும் முருகன் கோயிலுக்கே போனோம். உட்காரத் தாய்மாமன் மடி வேண்டும். வம்பு வேண்டாம் என்ற என் கணவரையே உட்காரவைத்தேன். வேட்டியெல்லாம் முடியாகி, முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஆடியில் அந்த அண்ணனே கூப்பிட்டார். மாடு ஒன்று செத்துவிட்டதாம். குறி கேட்டால், வீட்டுக் குழந்தையின் முடி பாக்கி என்று வந்ததாம்.

"எங்க சாமி பச்சையம்மன், மேடம். புள்ளையைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

கெஞ்சியபோது வராத பேர் மாட்டுக்காக வந்துவிட்டது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்குள் அவள் போனை வாங்கிக்கொண்டாள். இடுப்பில் இருந்த குழந்தையின் மொட்டைத் தலையில் அப்போதுதான் முள் முள்ளாக முடி கிளம்பியிருந்தது.

"முடியை முருகன் வாங்கிக்கிட்டாரு, மாமா" என்றாள். "இனி இவ உங்களுக்குப் பங்காளி இல்ல. பயப்படாம இருங்க."