நீல வாய்ச் சிப்பி

கல்யாணமான புதிதில் நானும் அவரும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவர் மலைநாட்டில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாப்பாடு வைக்கட்டுமா என்று கேட்பேன், 'ம்' என்பார். அத்தோடு சரி.

திருகோணமலையில் இருந்த அவருடைய அக்கா விருந்துக்குக் கூப்பிட்டார். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை, தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், நாத்தனார் எங்களைக் கல் நிறைந்த ஒரு கரைக்குக் கூட்டிப்போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அலை காலைத் தொட்டதும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. புது மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

முழங்காலளவுத் தண்ணீருக்குள், கல்லிடுக்கில் ஏதோ மின்னியது. மயில்கழுத்து நீலம், நெளிநெளியாக. ஓரமெல்லாம் பச்சைப் புள்ளி. யாரோ பட்டுச்சேலைக் கரையைக் கிழித்துச் சொருகிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் நிழல் பட்டதும் அது வெடுக்கென்று தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அதுக்கு உசுரு இருக்குங்க," என்றேன்.

பாசியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, முகம் தண்ணீரைத் தொடுமளவுக்குக் குனிந்தார். அது மெல்லத் திறந்தது. அவர் விரலை நீட்டினார். படக்கென்று மூடிய வேகத்தில் பீச்சியடித்த தண்ணீர் கண்ணாடி, மீசை, வாய் எல்லாவற்றையும் நனைத்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார். நிதானமாக, "உப்பு," என்றார்.

நான் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு சிரிப்பு. அவரும் விக்கி விக்கிச் சிரித்தார். எதுவோ கடித்துவிட்டதென்று நாத்தனார் பதறி ஓடிவந்தார். பேச முடியாமல் கையைக் காட்டினோம். நாத்தனாரும் குனிந்தார். அவருக்கும் கிடைத்தது.

அது ஒரு வகைச் சிப்பி என்று முகத்தைத் துடைத்தபடி நாத்தனார் சொன்னார். பிறகு மூவரும் கல் கல்லாகத் தேடினோம். ஊதாவில் ஒன்று, தவிட்டு நிறத்தில் ஒன்று. நிழல் காட்டுவதும் ஓடுவதுமாகப் பொழுது போய், ஆக்கி வைத்திருந்த மீன்குழம்பு ஆறிப்போனது.

திரும்பும் பஸ்ஸில் அவர் வாய் மூடவில்லை.

"டீச்சருன்னு சொன்னதுமே எனக்குப் பயம். தப்பாப் பேசினா திருத்துவியோன்னு இருந்தேன்."

"நான் உங்க ஊசிக்குப் பயந்துகிட்டு இருந்தேங்க," என்றேன்.

முன் சீட்டுக்காரர் தூக்கம் கலைந்து திரும்பிப் பார்த்தார். பிபிலை தாண்டி மேடு ஏறும்வரை நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை.