வண்டி வழி கேட்காத அட்டை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருந்த ஒரு சர்க்கரை ஆலையில் அப்துல் மாலிக் பதினெட்டு வருஷமாக பீல்டுமேன். யார் வயலில் கரும்பை எந்த நாளில் வெட்டுவது என்று சீட்டு எழுதுவது அவர் வேலை. சொந்தமாக அவர் ஒரு கரும்புகூட நட்டதில்லை.

1967-இல் ஆலைக்குத் துளை அட்டை மிஷின் வந்தது. அதோடு சென்னையிலிருந்து வந்த சுப்பிரமணியன், வயலுக்கு ஓர் அட்டை போட்டார்: பெயர், ஏக்கர், ரகம், நட்ட தேதி. முந்தி நட்டதை முந்தி வெட்டும்படி, அட்டைகளை அடுக்கி மிஷினே சீட்டு அடிக்கும். மாலிக் பத்து நாள் செய்யும் வேலையை மிஷின் அரை மணியில் முடித்தது. இந்தப் பருவத்தோடு பீல்டுமேன்களுக்கு வேலை இல்லை என்றது நிர்வாகம். கணக்குப்படி நியாயம்தான்.

மிஷினின் முதல் சீட்டோடு, ஆலைக்குக் கரும்பு போடும் ரத்தினம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நாளைக்கே வெட்டணுமாம் பாய். வெட்டிட்டுத் தலையில வச்சிக்கினு பறக்கவா? முன்னால என் மச்சினர் சடையப்பன் கரும்பு நிக்குது. அவரு வெட்டுனாத்தான் எனக்கு வண்டி வழி."

மாலிக்குக்கு இது முன்பே தெரியும். வாய் திறந்தால் மிஷின் திருந்தும், அவர் வேலை போகும். திறக்காவிட்டால் மிஷின் தோற்கும். ஆனால் வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்து, கூடவே ரத்தினம்மாளும் தோற்பாள். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் சுப்பிரமணியன் அறைக்குப் போனார்.

"சார், யார் வயல் வழியா யாரு வண்டி வெளிய வரணும்னு அட்டையில இல்ல."

"இத ஏன்யா முதல்லயே சொல்லல?"

"ரகம் கேட்டீங்க, சொன்னேன். தேதி கேட்டீங்க, சொன்னேன். வழிய நீங்க கேக்கல சார்."

சுப்பிரமணியன் கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டை நிறுத்திவைத்தார். அட்டையில் ஒரு கட்டம் சேர்த்தார். மாலிக் மூன்று வாரம் உட்கார்ந்து, ஆயிரத்துச் சொச்சம் வயல்களுக்கும் வழி சொன்னார். தன் வேலையைத் தானே வாயால் கரைத்துக் கொடுப்பதுபோல் இருந்தது.

"அவ்வளவுதானே மாலிக்? இனிமே மாறாதில்ல?"

"இந்த வருஷத்துக்கு மாறாது சார். சடையப்பன் வீட்டுக் கல்யாணத்துல பந்தியில உக்கார வைக்கலன்னு ரத்தினம்மா பேச்ச நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் அவரு வழி விடமாட்டாரு. மேற்கால மணவாளன் வயல்ல கேக்கணும். அங்க அண்ணன் தம்பி சித்திரையில பாகம் பிரிக்கறாங்க."

சுப்பிரமணியன் பேனாவை மூடினார்.

"இதுக்கெல்லாம் எத்தன கட்டம்யா போடறது?"

"தெரியல சார். எனக்கு ஒரு சைக்கிள் போதும்."

பீல்டுமேன்கள் இருக்கட்டும் என்று சுப்பிரமணியன் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். மாலிக்கை மிஷின் பிரிவுக்கு மாற்றினார்கள். மிஷினின் மூடியை ஒருநாளும் திறந்து பார்க்காத அவர்தான், அந்தப் பிரிவில் சைக்கிள் அலவன்ஸ் வாங்கிய ஒரே ஆள்.