கதவுக்கு வெளியே ஒன்றரை நிமிடம்

கதவு சாத்தப்பட்டதும் வெர்ன் ஸ்லாடெக் தொப்பியைக் கழற்றுவார். அதை வயிற்றோடு சேர்த்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். உள்ளே அவர் மகள் தரைவிரிப்பில் ஒட்டியிருக்கும் பச்சை நாடா வரை நடந்து போக வேண்டும். அதற்கு இரண்டு மூச்சு. பிறகு அவர் உதடுகள் அசையத் தொடங்கும். சத்தம் வராது. முதலில் மகளின் பெயர், ஊர், பள்ளி. இன்னொரு மூச்சு. அப்புறம் அவள் நடித்துக்காட்டும் அந்தப் பேச்சு, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை. அவள் நிறுத்தும் இடத்தில் அவரும் நிறுத்துவார், அவள் முகம் திருப்பும் இடத்தில் தாடையைக் கொஞ்சம் திருப்புவார். மொத்தம் ஒன்றரை நிமிடம். கடைசிச் சொல்லோடு கதவு திறந்தால் அவளை முழுதும் பேசவிட்டார்கள் என்று அர்த்தம். உதடு பாதியில் இருக்கும்போதே திறந்தால், யாரோ மேசைக்குப் பின்னாலிருந்து "போதும், நன்றி" என்று சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி மாதம், சிகாகோவில் ஒரு விடுதி. நாடகத் துறை உள்ள கல்லூரிகள் நடிப்புத் தேர்வு நடத்த மாடிக்கு ஐந்தாறாக அறைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடைபாதை நெடுகப் பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டும், உதட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டும், தரையில் மல்லாந்து மூச்சு இழுத்துக்கொண்டும் கிடந்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டிப் பெற்றோர்கள் கோப்புகளோடு நடந்தார்கள். எங்கள் ஊர் நெப்ராஸ்காவில் இருக்கிறது, ஒன்பது மணி நேரத் தூரம். நானும் கோரின் ஸ்லாடெக்கும் ஒரே வகுப்பு. அவள் மேடையில் நிற்பாள். நான் மேலே உட்கார்ந்து அவள்மேல் விளக்குப் போடுவேன். என் விளக்கு வரைபடங்களை ஒரு கல்லூரியில் காட்டுவதற்காக அவர்கள் வண்டியிலேயே நானும் போயிருந்தேன். என் வேலை காலை பத்து மணிக்கு முடிந்துவிட்டது. மீதிப் பகல் முழுவதும் வெர்னுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவர் எங்கள் ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரர். லாரி வந்து நின்றதும் நீளமான பித்தளைக் குழாயைச் சோளத்துக்குள் குத்தி மாதிரி எடுப்பார், ஈரம் பார்ப்பார், சன்னல் வழியாக எண்ணைச் சொல்வார். ஈரம் கூடினால் விலை குறையும்; அந்த எண்ணைக் கேட்கத்தான் விவசாயிகள் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். அவரோடு யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை. அச்சில் அவர் படிப்பது தானிய விலைப்பட்டியல் ஒன்றைத்தான். அப்படிப்பட்டவர் அக்டோபரிலிருந்து சனவரிக்குள் ஒரு நாடகப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தார். கோரின் சமையலறையில் ஒத்திகை பார்ப்பாள். அவர் மேசையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போடுவார். அப்படியே ஏறிவிட்டது. பிறகு எடைமேடைச் சன்னலிலும் உதடு அசைய ஆரம்பித்தது.

"என்ன வெர்ன், என் சோளத்துக்கு ஜெபமா?" என்று டெல்பர்ட் என்கிற கிழவர் லாரியிலிருந்தே கத்துவார். "அப்படியே ஈரத்தையும் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு சாமிகிட்ட!"

"உன் சோளத்துக்கு ஜெபமெல்லாம் பத்தாதுய்யா. வெயில்தான் வேணும்."

அந்தப் பேச்சில் ஒரு பெண், பல வருடம் காணாமல் போய்த் திரும்பி வந்து வாசலில் நிற்கும் அண்ணனிடம் பேசுகிறாள். அம்மாவின் கம்பளிக் கோட்டை அவன் விற்றது, அவள் சாவுக்கு வராதது, எல்லாவற்றையும் திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில், "சரி, ஷூவக் கழட்டிட்டு உள்ள வா" என்கிறாள். வண்டியில் கோரின் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தபோது வெர்ன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார்.

"அப்பா, ரோட்டப் பாருங்க. அழறதுக்கு இன்னும் நாலு வரி இருக்கு."

"யாரு அழறா? வெயில் கண்ணுல அடிக்குது."

"வெளிய பனி பெய்யுதுப்பா."

"பனியும்தான் கண்ணுல அடிக்குது."

பின் இருக்கையில் நான் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அந்தப் பயணத்தில் சிரித்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். உதவித்தொகை கிடைத்தால் கல்லூரி, இல்லையென்றால் இல்லை. அந்த வீட்டில் இதைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டதில்லை. "யாராச்சும் ஒருத்தர் கூப்பிடணும் கண்ணு. கூப்பிட்டாங்கன்னா போலாம்" என்று வெர்ன் சொன்னதோடு சரி. கூப்பிடாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவள் சனி ஞாயிறுகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜூன் முதல் முழுநேரமும் வரச் சொல்லியிருந்தார்கள்.

நான்கு கல்லூரிகள், நான்கு கதவுகள். முதல் கதவுக்கு முன்னால் வெர்ன் நல்ல தெம்பாகத்தான் இருந்தார். மனைவி கட்டிக் கொடுத்த கசகசா வைத்த கொலாச்சே ரொட்டியை, கதவு காக்க நின்ற கல்லூரிப் பெண்ணுக்கும் கொடுத்தார். "ஒண்ணரை நிமிஷத்துல என்ன தெரியும்னு எல்லாரும் கேக்கறாங்க தம்பி. நான் முழு லாரியக் கொட்டியா பாக்கறேன்? ஒரு குழா அளவுதான் எடுக்கறேன். தெரிஞ்சவனுக்கு அது போதும்" என்றார். உதடு 'அம்மாவோட கோட்டு' என்ற இடத்தில் இருந்தபோது கதவு திறந்தது. அவர் உதடு மூடவில்லை. அந்த வரியை முடித்துவிட்டுத்தான் மகளைப் பார்த்தார்.

இரண்டாவது அறையில் முழுதும் கேட்டார்கள். தாங்கள் மறுபடி பார்க்க விரும்பும் பிள்ளைகளின் பெயரை மதியம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. ஸ்லாடெக் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை. அது எனக்கு எட்டடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வெர்ன் முதல் பெயரிலிருந்து விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். அடிவரை போய், தாளைத் தூக்கிப் பின்பக்கமும் பார்த்தார். பின்னால் நின்ற ஒரு பெண்ணின் தாய், "கொஞ்சம் தள்ளுங்க சார், நாங்களும் பாக்கணும்" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்.

மூன்றாவது கதவு, அவர் மகளின் பெயரையும் ஊரையும் சொல்லி நாலு வரி போவதற்குள் திறந்தது. கோரின் எங்களைப் பார்க்காமல் நேராகக் குளியலறைக்குப் போனாள். வெர்ன் தொப்பியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"நான் குறைஞ்சது அஞ்சு இடத்துல குத்துவேன் தம்பி" என்றார். "மூலையில ஈரமா இருக்கும், நடுவுல காஞ்சு கெடக்கும். ஒரே ஒரு குத்து குத்திட்டு ஒரு லாரியக்கூட நான் திருப்பி அனுப்பினது கெடையாது. ஒண்ணக்கூட." அந்த வேலையில் அவர் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். யாரோ அவரிடம் கணக்குக் கேட்டதுபோலச் சொன்னார்.

கோரின் முகம் கழுவிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாமாப்பா?"

"இன்னும் ஒண்ணு இருக்கே கண்ணு."

"அவங்களும் பாதியிலதான் நிறுத்துவாங்க. நீங்க வெளிய நின்னு உதட்ட அசைக்கிறது எனக்கு உள்ள தெரியுது. சீக்கிரமா வெளிய வர்றதுக்கே பயமா இருக்கு."

"அப்ப நான் கீழ போயிடட்டுமா?"

அவள் அவர் பூட்ஸைப் பார்த்தாள். "வேணாம். இங்கயே நில்லுங்க" என்றாள்.

நான்காவது அறை ஏழாம் மாடியில், நடைபாதையின் கடைசியில். கல்லூரியும் சின்னதுதான், பெயரை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து அறையில் பாட்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் உச்சத்தில் கத்திப் பாடுவது சுவரைத் துளைத்து வந்தது. கோரினின் அறையிலிருந்து எதுவும் கேட்க வழியில்லை. கதவு சாத்தப்பட்டது. தொப்பி இறங்கியது. இரண்டு மூச்சு.

நான் அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோட்டு வந்தது, போனது. சாவுக்கு வராதது வந்தது. மூன்றாவது கதவு திறந்த இடம் எப்போதோ கடந்துவிட்டது. அவர் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியிருந்தது. 'ஷூவக் கழட்டிட்டு' என்று உதடு குவிந்து விரிந்து, 'உள்ள வா' என்று மூடியது. கதவு திறந்தது.

வெளியே வந்ததும் கோரின் முதலில் அப்பாவின் வாயைத்தான் பார்த்தாள்.

"முழுசு!" என்றார் வெர்ன். "முழுசாக் கேட்டாங்க! ஒரு வார்த்த மிச்சமில்ல. தம்பி, நீ பாத்தேல்ல?"

"பார்த்தேன்" என்றேன்.

"ஆமாப்பா" என்றாள் கோரின். "முழு டைமும் குடுத்தாங்க."

வீடு திரும்பும் ஒன்பது மணி நேரத்தில் அவர் அதை எத்தனை முறை சொன்னார் என்று தெரியவில்லை. அவள் முன் இருக்கையில் தூங்கினாள், அல்லது கண்ணை மூடியிருந்தாள். நான்கு கல்லூரிகளின் பதில்களும் மார்ச்சில் வந்தன. நான்கும் ஒரே மாதிரியான மரியாதையோடு மறுத்திருந்தன. நான்காவதை மட்டும் வெர்ன் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். என் வரைபடங்களை ஏற்றுக்கொண்ட கல்லூரியின் கடிதத்தை நான் அவரிடம் காட்டவே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டு எடைமேடைச் சன்னலிலிருந்து கையை நீட்டிக் குலுக்கினார்.

இப்போதும் அந்தச் சன்னலில்தான் இருக்கிறார். கேட்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறார்: "கடைசி காலேஜ் முழுசாக் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் எடுக்கலேன்னா அவங்ககிட்ட எடம் இல்ல, அவ்வளவுதான். எங்க பொண்ணுகிட்ட கொற இல்ல." லாரி மேடையில் ஏறி முள் நிலைக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் உதடுகள் அசைகின்றன. அதே பேச்சு, எனக்கு இப்போது உதட்டைப் பார்த்தே வரி தெரியும். டெல்பர்ட் ஜெபத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். இயந்திரத்தை அணைத்துவிட்டு, வெர்ன் முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வருடம் ஆகஸ்டில், நான் கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம், விடைபெற்றுக்கொள்ள முதியோர் இல்லத்தின் சமையலறைப் பின்கட்டுக்குப் போனேன். கோரின் ரப்பர் கையுறையைக் கழற்றாமல் படியில் வந்து உட்கார்ந்தாள். ஊர்க்கதை கொஞ்சம் பேசினோம். அந்தக் கடைசி அறையில் எப்படிச் செய்தாய் என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யல" என்றாள். "பேரு சொன்னேன். அப்புறம் முதல் வரி வரல. வாயே தொறக்கல. மேசைக்குப் பின்னால மூணு பேரு. நடுவுல உக்காந்திருந்த அம்மா, 'பரவால்லம்மா, திரும்ப ஆரம்பி'ன்னாங்க. தலைய ஆட்டினேன். 'அப்ப நீ போலாம்மா, தப்பில்ல'ன்னாங்க. 'எங்கப்பா வெளிய நின்னு சொல்லிக்கிட்டிருக்கார், அவர் முடிக்கற வரைக்கும் நான் இங்க நின்னுக்கலாமா'ன்னு கேட்டேன்."

கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள்.

"மூணு பேரும் பேனாவக் கீழ வச்சுட்டு என்கூடவே காத்துக்கிட்டிருந்தாங்க."